சோலார் பேனலில் செல்லை ஏன் பாதியாக வெட்டுகிறார்கள்?

போன தை மாதம் திருமங்கலத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். "ஏத்தா, நீதான் அரசாங்க ஆபீஸ்ல எழுதுற வேலை பாக்குற. இந்த சோலார் பேனலு வந்து இறங்கிருக்கு. ஆறு பேனலு. ஒவ்வொண்ணுலயும் நட்டநடுவுல வெள்ளையா ஒரு கோடு போகுது. உள்ள இருக்க செல்லு எதுவும் சதுரமா இல்ல, பாதி பாதியா வெட்டி வச்சிருக்கு. கேட்டா 'ஹாஃப் கட்'டுங்கிறாங்க. உடைஞ்ச சரக்க ஒட்டி நம்ம தலையில கட்டிட்டாங்களா?"

எனக்கு பதில் தெரியவில்லை. பிளஸ் டூவோடு இயற்பியலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு இதழியல் பக்கம் வந்தவள் நான். "கேட்டுச் சொல்றேன் பெரியப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது உடைந்த சரக்கு இல்லை. வேண்டுமென்றே, லேசர் வைத்து வெட்டியது. ஆனால் பெரியப்பா வீட்டில் வேறொரு சிக்கல் இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தச் சந்தேகம் இப்போது பல வீடுகளில் வரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், வீட்டு மாடியில் 1 கிலோவாட் போட்டால் 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். செல்லும் பேனலும் இந்தியாவிலேயே தயாரானதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மானியம் போக மிச்சப் பணம் நம் கையிலிருந்து போகிறது. மாடியில் ஏறுகிற பொருள் 25 வருஷம் அங்கேயே இருக்கப் போகிறது. அது என்ன பொருள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே?

முழு செல்லில் என்ன குறை?

பேனலுக்குள் கருநீலமாகவோ கறுப்பாகவோ தெரியும் கட்டங்கள்தான் செல். சிலிக்கானில் செய்த மெல்லிய தகடு. தடிமன் 130 முதல் 180 மைக்ரான். தலைமுடி இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம்தான். கையில் எடுத்துக் கொஞ்சம் வளைத்தாலே அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும்.

வெயில் பட்டால் ஒரு செல் கொடுக்கும் மின்னழுத்தம் சுமார் 0.6 வோல்ட். செல் பெரிதானாலும் சிறிதானாலும் இது ஏறக்குறைய மாறாது. மாறுவது மின்னோட்டம், அதாவது ஆம்பியர். பரப்பு கூடினால் ஆம்பியர் கூடும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் 156 மில்லிமீட்டர் சதுர செல்தான் வழக்கம். அது 9 ஆம்பியர் அளவுக்குக் கொடுத்தது. இப்போது பரவலாக இருக்கும் 182 மில்லிமீட்டர் செல் 13, 14 ஆம்பியர் தரும். 210 மில்லிமீட்டர் செல்லோ 18 ஆம்பியர் வரை போகும்.

ஆம்பியர் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான். மெலிசான எக்ஸ்டென்ஷன் ஒயரில் அயர்ன் பாக்ஸை மாட்டிப் பத்து நிமிஷம் கழித்து ஒயரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அதே ஒயரில் செல்போன் சார்ஜர் போட்டால் சுடாது. ஒயரில் ஓடும் மின்னோட்டம் கூடக்கூட வெப்பமாக வீணாவதும் கூடும். அதுவும் நேர் கணக்கில் கூடாது, வர்க்கக் கணக்கில் கூடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் நஷ்டம் நான்கு மடங்கு.

பேனலுக்குள்ளும் இதே கதைதான். ஒரு செல்லை அடுத்த செல்லோடு இணைப்பது மெல்லிய செம்புக் கம்பி. ரிப்பன் என்பார்கள். 13 ஆம்பியர் ஓடினால் நஷ்டக் கணக்கு 13 பெருக்கல் 13, அதாவது 169. செல்லைப் பாதியாக்கினால் ஓடுவது 6.5 ஆம்பியர். 6.5 பெருக்கல் 6.5 என்றால் 42 சொச்சம். துண்டு பாதியானதால் அதன் மேல் ஓடும் ரிப்பனின் நீளமும் பாதி. ஆனால் துண்டுகள் இரண்டு. பாதி நீளமும் இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிவிட, மொத்தத்தில் ரிப்பன் நஷ்டம் கால் பங்காகக் குறைகிறது.

அப்படியானால் பேனலின் மொத்த ஆம்பியரும் பாதியாகிவிடாதா? ஆகாது. முன்பு 72 முழு செல் இருந்த பேனலில் இப்போது 144 அரை செல். மேல் பாதியில் 72, கீழ் பாதியில் 72. ஒவ்வொரு பாதியிலும் 72 செல்லும் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். பிறகு இரண்டு பாதிகளையும் நடுவில் இணையாகச் சேர்த்துவிடுவார்கள். உள்ளே 6.5, 6.5 ஆக ஓடியது வெளியே வரும்போது மறுபடியும் 13 ஆகிவிடும். பெரியப்பா பார்த்த வெள்ளைக் கோடு அந்த நடு இணைப்பு போகும் இடம்தான். பேனலைத் திருப்பிப் பார்த்தால் அதே கோட்டின் பின்பக்கம் மூன்று சின்னப் பெட்டிகள் ஒட்டியிருக்கும். முழு செல் பேனலில் மேல் ஓரத்தில் ஒரே பெட்டிதான் இருக்கும்.

இதனால் கிடைக்கும் ஆதாயம் பேனலின் மொத்த வாட்டில் சுமார் 2 முதல் 3 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. பெரியப்பாவின் ஆறு பேனலும் சேர்ந்து 3,300 வாட். அதில் 80 வாட் சொச்சம் என்று வையுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஓடும் மின்சாரம். வெட்டாமல் விட்டிருந்தால் அது பேனலுக்குள்ளேயே சூடாகப் போயிருக்கும்.

யோசனை புதிதல்ல. நார்வேயில் தொடங்கி சிங்கப்பூரில் ஆலை வைத்திருக்கும் ஆர்.இ.சி. நிறுவனம் 'ட்வின்பீக்' என்ற பெயரில் அரை செல் பேனலைக் கொண்டுவந்து, அதற்கு 2015ல் ஜெர்மனியின் இன்டர்சோலார் கண்காட்சியில் விருதும் வாங்கியது. அந்த நிறுவனத்தை 2021ல் ரிலையன்ஸ் வாங்கிவிட்டது. அன்றைக்கு விருது வாங்கிய விஷயம் இன்றைக்குச் சந்தையில் சாதாரணம். முழு செல் பேனல்தான் இப்போது தேடிப் பிடிக்க வேண்டிய பொருள்.

அப்பளத்தை எப்படி நேராக வெட்டுவது?

டைல்ஸ் போடுகிறவர் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். டைல்ஸை அறுத்துத் துண்டாக்க மாட்டார். மேலே ஒரு கோடு கீறுவார், பிறகு லேசாக அழுத்துவார். 'டக்'கென்று கோட்டோடு பிளந்துவிடும். செல்லை வெட்டுவதில் பழகிப்போன முறையும் இதேதான். கீறும் வேலையை மட்டும் லேசர் செய்கிறது.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரோ பச்சை லேசரோ, நானோ வினாடிக் கணக்கில் விட்டு விட்டு அடிக்கும். ஒரு நானோ வினாடி என்பது ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் வருவது. அடி விழுந்த இடத்தில் சிலிக்கான் உருகி ஆவியாகிவிடும். ஒரே கோட்டில் பலமுறை ஓடி, தகட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பள்ளம் பறிக்கும். பிறகு இயந்திரம் செல்லை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக வளைக்கும். இரண்டு துண்டு.

எந்தப் பக்கத்திலிருந்து கீறுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செல்லில் மின்சாரம் பிறக்கும் இடத்தை பி-என் சந்தி என்பார்கள். வழக்கமான செல்களில் இது வெயில் படும் மேற்பரப்பிலிருந்து ஒரு மைக்ரான்கூட இல்லாத ஆழத்திலேயே இருக்கிறது. மேலேயிருந்து லேசர் அடித்தால் சந்தி உருகி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த இடம் சின்ன ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். அதனால் செல்லைக் குப்புறப் போட்டு, முதுகுப் பக்கம் கீறுகிறார்கள். பள்ளம் சந்தி வரை போகாது. கடைசியில் சந்தி இருக்கும் பகுதி லேசர் சூடு படாமல் உடைந்து பிரியும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. உருகிய சிலிக்கான் பள்ளத்தின் ஓரத்தில் சிதறிக் காய்ந்து ஒட்டும். ஓரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கிழிந்த சேலை ஓரத்திலிருந்துதானே மேலும் கிழியும்? அதுபோல, பின்னால் காற்றிலும் அதிர்விலும் பேனல் வளையும்போது, விரிசல் தொடங்குவது அந்த ஓரத்தில்தான்.

இதற்கு வந்த மாற்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஊரில் கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கு ஏற்றுவார்கள். சுடச்சுட இருக்கும் அதன் கண்ணாடிக் கூண்டின் மேல் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் விழுந்தால் போதும், விரிசல் விட்டுவிடும். சூடான இடம் விரிகிறது, பக்கத்தில் குளிர்ந்த இடம் சுருங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் இழுபறி தாங்காமல் கண்ணாடி பிளக்கிறது. பாட்டியிடம் திட்டு வாங்கிக் கொடுத்த அதே விபத்தை ஒரு தொழில்நுட்பமாகவே மாற்றிவிட்டார்கள்.

செல்லின் ஓரத்தில் மட்டும் லேசரால் சின்னதாக ஒரு கீறல் போடுவார்கள். அடுத்து இன்னொரு லேசர், உருக்காமல், ஆவியாக்காமல், கோடு நெடுகச் சூடு மட்டும் ஏற்றிக்கொண்டே போகும். அதன் பின்னாலேயே குளிர்ந்த காற்றோ பொடித் தூறல் போன்ற நீரோ பாயும். ஓரத்துக் கீறலில் தொடங்கும் விரிசல், சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் லேசர் போன வழியே நேராக ஓடி மறுமுனைக்குப் போய்விடும். பள்ளமும் இல்லை, சிதறலும் இல்லை. ஓரம் வழவழவென்று இருக்கும். வளைத்தால் தாங்கும் பலமும் கூடுதல். ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்தைச் சேர்ந்த 3டி-மைக்ரோமாக் நிறுவனம் இந்த முறையில் செல் வெட்டும் இயந்திரங்களைச் செய்கிறது. சேதமில்லா வெட்டு என்ற பெயரில் இதே வகை இயந்திரங்கள் சீன ஆலைகளிலும் பரவிவிட்டன.

இரண்டாக மட்டும்தான் வெட்ட வேண்டும் என்றும் இல்லை. 210 மில்லிமீட்டர் செல்லின் 18 ஆம்பியர், வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றுக்குத் தாங்காது. அதனால் அதை மூன்றாக வெட்டி, 6 ஆம்பியர் துண்டுகளாக்கி, இரண்டு வரிசையை இணையாகச் சேர்த்து 12 ஆம்பியரில் நிறுத்திய பேனல்களும் உண்டு. ஐந்தாறு பட்டைகளாக வெட்டி, ஓட்டு வீட்டில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன் ஓரத்தில் இன்னொன்றை ஏற்றி ஒட்டும் முறையும் இருக்கிறது.

அப்படியானால் பத்தாக வெட்டலாமே?

நானும் இதைக் கேட்டேன். வெட்ட வெட்ட ஆம்பியர் குறைகிறது, நஷ்டம் குறைகிறது. பிறகு ஏன் இரண்டோடு மூன்றோடு நிறுத்த வேண்டும்?

ஒவ்வொரு வெட்டும் இன்னொரு நஷ்டத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் பதில். வயலில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். சுற்றிலும் வரப்பு. நடுவில் மண்வெட்டி போட்டுப் பிளந்தால், பிளந்த இடத்தில் வரப்பு இல்லை, தண்ணீர் கசியும். செல்லின் மேற்பரப்பெல்லாம் நுண்ணிய பூச்சு போட்டு, வெயிலில் விடுபட்ட எலக்ட்ரான்கள் வீணாகாமல் காத்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வெட்டிய ஓரத்தில் அந்தப் பூச்சு இல்லை. சிலிக்கான் அணுக்களின் பிணைப்புகள் அறுந்து தொங்கும். அங்கே வந்து சேரும் எலக்ட்ரான்கள் வெளிச் சுற்றுக்குப் போகாமல் அங்கேயே அடங்கிவிடும்.

எவ்வளவு ஓரம்? 182 மில்லிமீட்டர் செல்லின் சுற்றளவு 728 மில்லிமீட்டர். ஒரே ஒரு வெட்டு போட்டால் இரண்டு துண்டுகளிலும் ஒவ்வொரு ஓரமாக 364 மில்லிமீட்டர் புது ஓரம் உண்டாகிறது. பாதிக்குப் பாதி கூடிவிட்டது. மூன்றாக வெட்டினால் இரண்டு வெட்டு, 728 மில்லிமீட்டர். பத்தாக வெட்டினால் ரிப்பனில் மிச்சம் பிடித்ததை ஓரத்தில் விட்டுவிடுவோம்.

இதில் ஒரு வேடிக்கை. செல் எவ்வளவு உசத்தியோ அவ்வளவு இழக்கும். டாப்கான், ஹெட்டிரோஜங்ஷன் போன்ற புதுவகை செல்கள் மேற்பரப்பில் கசிவே இல்லாத அளவுக்குப் பூச்சு போட்டவை. அதனால் வெட்டிய ஓரத்தின் கசிவு அவற்றில்தான் பளிச்சென்று தெரியும். பழைய செல்லில் ஏற்கெனவே நாலு இடத்தில் ஒழுகியதால் ஐந்தாவது ஒழுகல் தெரியவில்லை, அவ்வளவுதான். மருந்து இருக்கிறது. வெட்டிய பிறகு ஓரத்துக்கு மட்டும் அலுமினியம் ஆக்சைடை மெல்லியதாகப் பூசிவிடுவது ஒன்று. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிறுவனம் இதில் வேலை செய்திருக்கிறது. இன்னொன்று, வெறும் சிலிக்கான் தகடாக இருக்கும்போதே பாதியாக்கிவிட்டு அதன் பிறகு செல் செய்வது. பூச்சு எல்லா ஓரத்திலும் விழுந்துவிடும்.

வெட்டில் விரிசல் விட்ட செல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பேனலை இருட்டில் வைத்து அதற்குள் மின்சாரத்தைச் செலுத்துவார்கள். வெளிச்சம் வாங்கி மின்சாரம் கொடுக்கும் செல், தலைகீழாக, மின்சாரம் வாங்கி வெளிச்சம் விடும். அகச்சிவப்பு வெளிச்சம், நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். முழுசாக உள்ள செல் வெளுப்பாக ஒளிரும். விரிசல் கறுப்புக் கோடாக விழும். கிட்டத்தட்ட எக்ஸ்ரே மாதிரி. கண்ணாடியோடு சேர்த்து ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒட்டிய பிறகு ஒரு தடவை எடுப்பது ஆலைகளின் வழக்கம். முதல் படத்தில் சிக்கிய செல்லை மாற்றிவிடலாம். ஒட்டிய பிறகு மாற்ற முடியாது.

நம் மாநிலத்திலேயே இந்த வேலை நடக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் நிறுவனத்தின் 4.3 கிகாவாட் செல், பேனல் ஆலை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்து வைத்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை வேறு ரகம். அங்கே சிலிக்கான் தகடே கிடையாது. கண்ணாடி மேல் காட்மியம் டெல்லூரைடு படலம் படியவைத்து, லேசரால் கோடு கோடாகக் கீறியே செல்களைப் பிரிக்கிறார்கள். அந்தப் பேனலில் 'ஹாஃப் கட்' தேடினால் கிடைக்காது!

நிழல்: விளம்பரம் சொல்வதும் சொல்லாததும்

பெரியப்பா வீட்டுக் கதை இங்கேதான் வருகிறது. 'ஹாஃப் கட் பேனல்ல நிழல் விழுந்தாலும் பாதி கரண்ட் வரும் சார்' என்று பேனல் போட வந்த தம்பி சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில், மாடியின் தென்கிழக்கு மூலையில் இருந்த தண்ணீர் டேங்குக்குப் பக்கத்திலேயே இரண்டு பேனலை வைக்கத் திட்டம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது காலையில் டேங்க் நிழல் அந்த இரண்டின் மேல் விழும்.

அவர் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஒரு பேனலை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம். நெடுக்கு வாக்கில், அதாவது நின்ற நிலையில் வைத்திருக்கிறோம். அடி ஓரத்தில் நெடுக ஒரு வரிசை செல் மேல் நிழல். முழு செல் பேனலாக இருந்தால் மூன்று பாதை வழியிலும் அடைப்பு, கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. அரை செல் பேனலில் கீழ் பாதி மட்டும் படுத்துவிடும், மேல் பாதி வேலை செய்யும். பாதி கரண்ட் வரும். அந்தத் தம்பி சொன்னது இதுதான். அதே பேனலைக் குறுக்கு வாக்கில் படுக்க வைத்தால், அடி ஓர நிழல் மூன்றில் ஒரு பாதையை மட்டும்தான் மறைக்கும். அப்போது முழு செல்லானாலும் அரை செல்லானாலும் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். வெட்டியதால் தனி ஆதாயம் இல்லை.

வீட்டில் பேனல்கள் தனித்தனியாக இருப்பதில்லை. ஆறு பேனலையும் ஒரே சரமாகக் கோத்து இன்வெர்ட்டருக்குக் கொடுக்கிறோம். சரத்தில் எல்லாப் பேனலிலும் ஒரே ஆம்பியர்தான் ஓட முடியும். ஒற்றையடிப் பாலத்தில் வரிசையாகப் போகிற மாதிரி. ஐந்து பேனல் 13 ஆம்பியர் கொடுக்கத் தயார். நிழல் விழுந்த ஒன்று 6.5 தான் கொடுக்கும். இன்வெர்ட்டருக்கு இரண்டே வழி. ஆறையும் 6.5 ஆம்பியரில் ஓட்டலாம், மொத்தத்தில் பாதி நஷ்டம். அல்லது பேனலின் பின்பக்கப் பெட்டிக்குள் இருக்கும் பைபாஸ் டயோடு வழியாக அந்த ஒரு பேனலைத் தாண்டிப் போய், மற்ற ஐந்தையும் 13ல் ஓட்டலாம், ஆறில் ஒரு பங்கு மட்டும் நஷ்டம். நல்ல இன்வெர்ட்டர் இரண்டாவது வழியைப் பிடிக்கும். அப்போது நிழல் விழுந்த பேனலில் பிழைத்திருக்கும் மேல் பாதி? அது கணக்கிலேயே வராது. பாதி கரண்ட் என்ற வாக்குறுதி அங்கே காற்றோடு போய்விடுகிறது.

கைப்பிடிச் சுவரின் நிழல் மாதிரி, ஆறு பேனலின் அடிப் பாதியிலும் ஒரே சமயம் ஒரே அளவில் நிழல் விழுந்தால் மட்டும் அந்தப் பேச்சு பலிக்கும். எல்லாமே 6.5ல் ஓடும், பாதி வரும். டேங்க், மாமரம், பக்கத்து வீட்டு செல்போன் கம்பம் எல்லாம் ஒன்றிரண்டு பேனலில் மட்டும் நிழல் போடுபவை. அதற்கு வேண்டியது பேனலுக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் அல்லது ஆப்டிமைசர். கூடுதல் செலவு. இரண்டு தனி உள்ளீடு உள்ள இன்வெர்ட்டர் இருந்தால், நிழல் படும் பேனல்களைத் தனிச் சரமாகப் பிரிக்கலாம். ஆனால் 3 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் பலவற்றில் ஒரே உள்ளீடுதான் இருக்கும். என் கருத்தைக் கேட்டால், காசு செலவாகாத வழி பேனலை நிழலிலிருந்து தள்ளி வைப்பதுதான்.

பேனல் இறங்கும் அன்று

பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 144 அரை செல் கொண்ட 550 வாட் பேனல் என்றால் திறந்த சுற்று மின்னழுத்தம் 50 வோல்ட், குறுக்குச் சுற்று மின்னோட்டம் 14 ஆம்பியர் அருகில் போட்டிருக்கும். அந்த 14ஐ இன்வெர்ட்டர் ஸ்டிக்கரில் உள்ள உச்ச உள்ளீட்டு மின்னோட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய ஸ்டாக் இன்வெர்ட்டரில் 10, 11 என்று இருந்தால் வெயில் உச்சியில் வரும் மின்சாரத்தை அது வாங்காது. பேனல் பெரிதாகி வந்த வேகத்துக்கு இன்வெர்ட்டர் ஸ்டாக் தீரவில்லை, அதுதான் விஷயம். ஸ்டிக்கரில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா, பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மானியத்துக்கு அது முக்கியம்.

வேலையாட்கள் பேனல் மேல் கால் வைத்து நடந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, பார்க்க அப்படியே இருக்கும். உள்ளே வெட்டிய ஓரத்திலிருந்து விரிசல் ஓடிவிடும். நாளைக்கு உற்பத்தி குறைந்தால் காரணம் யாருக்கும் தெரியாது.

கழுவுவதைக் காலையிலோ சாயங்காலமோ வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் பேனல் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம் என்று தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே இருக்கும். அரிக்கேன் கண்ணாடியை நினைத்துக்கொண்டால் மறக்காது.

இன்னொன்றைப் பதறாமல் படிக்கவும், ஆனால் மறக்கவும் வேண்டாம். ஆறு பேனல் சரம் என்றால் 6 பெருக்கல் 50, அதாவது 300 வோல்ட் நேர் மின்னோட்டம். வெயில் இருக்கும் வரை அது இருக்கும். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும், ஏரியாவில் கரண்ட் போனாலும் பேனல் பக்கத்து ஒயரில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். இணைப்பு முனைகளை நீங்களாகப் பிரிக்காதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பெரியப்பாவுக்கு இதையெல்லாம் போனில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வெட்டின கதையைப் பாதிதான் கேட்டார். டேங்க் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். மறுநாள் காலை ஏழு மணிக்கே மாடிக்கு ஏறி, நிழல் விழும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டு, மணிக்கொரு தடவை அதை மாற்றி மாற்றி வரைந்திருக்கிறார். பேனல் போட வந்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து ஒன்றும் பேசவில்லையாம். இரண்டு பேனலும் இப்போது வடமேற்குப் பக்கம் நகர்ந்துவிட்டன. அதற்காகக் கூடுதலாகப் பன்னிரண்டு அடி ஒயர் ஆகியிருக்கிறது. பெரியம்மாவுக்குத்தான் வருத்தம், வடகம் காயப்போட்ட இடம் போய்விட்டது.